தாத்தா வந்த கப்பல் எது?

வரலாற்று ஆசிரியராவதற்கான பல்கலைக்கழகப் படிப்பில் பாதி வெறும் காகிதம் என்று ஆசிரியர் அறையில் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். "பாதியா? முக்கால்னு சொல்லுங்க டீச்சர்" என்று திருத்துவார்கள். எனக்கு அந்த முக்கால் கணக்கில் உடன்பாடு இல்லை. அந்தப் படிப்பில் ஒரு பகுதி, அதுவும் இரண்டு பாடங்களில் சிதறிக் கிடந்த பகுதி, இல்லாமல் போயிருந்தால் நான் இன்றைக்கும் பாடநூலைச் சத்தமாக வாசித்துக்காட்டும் ஆசிரியையாகத்தான் இருந்திருப்பேன்.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் இரவு வேலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய், அதற்கப்புறம்தான் முதலாம் படிவம். மலேசியாவில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளை 1956 ரசாக் அறிக்கை ஏற்றுக்கொண்டது. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் தேசிய மொழிதான். வரலாறு என்ற பாடத்தோடு எனக்கு நேர்ந்த முதல் பழக்கமே மலாய் மொழியில்தான். அது பெரிய இழப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்போது படித்த புத்தகத்தில் என் வீட்டு மனிதர்கள் ஓரிரு பத்திகளில் வந்து போனார்கள். ரப்பருக்காக இந்தியர்கள் கொண்டுவரப்பட்டார்கள், ஈயத்துக்காகச் சீனர்கள் வந்தார்கள், அடுத்த தலைப்பு. தேயிலைக்கு யார் வந்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

இந்த மலைக்கு ஒரு பூகோள விசித்திரம் உண்டு. நாங்கள் பகாங் மாநிலம். ஆனால் எங்களைக் கீழே இறக்கும் பழைய சாலை தாப்பாவுக்கு, அதாவது பேராவுக்குப் போகிறது. பின்னாளில் போட்ட சிம்பாங் பூலாய் சாலையும் பேராவுக்குத்தான். எங்கள் தலைநகர் குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில் இருக்கிறது. அதனால் மலைப்பிள்ளைகள் மேற்படிப்புக்கு மேற்குக் கரைப் பக்கமே இறங்குவார்கள். நானும் எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்து அப்படித்தான் இறங்கினேன். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்வியியல் இளங்கலை, முதன்மைப் பாடம் வரலாறு.

முதல் வருடம் முழுக்கத் தத்துவமும் உளவியலும். 1988இல் வகுத்த தேசியக் கல்வித் தத்துவத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பியாஜே, விகோட்ஸ்கி, பாவ்லோவின் நாய். அந்த நாய் மணிச்சத்தம் கேட்டு எச்சில் விட்டதை இத்தனை பாடங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒரு நாளும் அது எனக்கு உதவிக்கு வந்ததில்லை. விகோட்ஸ்கி வந்திருக்கிறார். பிள்ளைக்குத் தனியாகச் செய்ய வராத ஒன்று, கூட ஒருவர் இருந்தால் வரும் என்று அவர் சொன்னது, மூன்று மொழி பேசும் வகுப்பில் பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைக்கும்போது இன்றும் கைகொடுக்கிறது.

அடுத்தது நாள் பாடத்திட்டம் எழுதும் பயிற்சி. பீடிகைக்கு ஐந்து நிமிடம், பிறகு படி ஒன்று, படி இரண்டு, படி மூன்று, முடிவு. நுண்கற்பித்தல் என்று ஒன்று. கூடப் படிப்பவர்களே இரண்டாம் படிவ மாணவர்களாக நடிப்பார்கள், நாம் பாடம் நடத்த வேண்டும். கல்யாணம் முடித்த ஒரு தோழர் பதினான்கு வயதுப் பையன்போல் கையைத் தூக்கி, "டீச்சர், கழிவறைக்குப் போகலாமா?" என்று கேட்பார். விரிவுரைஞர் அதற்கும் குறிப்பெழுதுவார். உண்மையான இரண்டாம் படிவம் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு போகாது என்று பயிற்றுப்பணியில்தான் தெரிந்தது.

உருப்படியானது வரலாறு கற்பிக்கும் முறை என்ற பாடத்தில் தொடங்கியது. மலேசியக் கலைத்திட்டம் வரலாற்றுச் சிந்தனைக்கு ஐந்து திறன்களைச் சொல்கிறது: காலவரிசையைப் புரிந்துகொள்வது, ஆதாரத்தைத் தேடிப் பார்ப்பது, விளக்கம் தருவது, அந்தக் காலத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்வது, காரணம் சொல்லி ஒரு முடிவை நிறுவுவது. தாளில் பார்த்தால் இதுவும் காகிதம்தான். எங்கள் விரிவுரைஞர் ஒரு மத்தியானம் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச்சைக் கொண்டுவந்தார். 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட, பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்த கதை. அவர் எங்கள் கையில் கொடுத்தது கதையை அல்ல: பர்ச் தானே எழுதிய நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள், பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கைத் துண்டு, ஒரு மலாய்ப் பாடநூலின் பக்கம். கேள்விகள் நான்குதான். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? அந்த வகுப்பு முடியும்போது பர்ச் நல்லவரா கெட்டவரா என்ற எங்கள் பழைய சண்டை அடங்கிவிட்டது. அதைவிடச் சுவையான வேறு சண்டைகள் வந்துவிட்டன.

அதே விரிவுரைஞர் எங்களைத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியின் பழைய கட்டடத்துக்கு அழைத்துப் போனார். இன்று அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1922இல் மலாய்க் கிராமப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கத் திறந்த கல்லூரி அது. அன்றைய கல்விக்கொள்கைக்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் வின்ஸ்டெட். விவசாயியின் மகன் நல்ல விவசாயி ஆக வேண்டும், அதைத் தாண்டி ஆசைப்படத் தேவையில்லை என்பது அதன் சாரம். அதனால் பாடத்தில் கூடை முடைதலும் தோட்டவேலையும் இருந்தன. ஆனால் முதல்வர் ஓ.டி. டசெக் மாணவர்களை மலாய் மொழியிலும் இலக்கியத்திலும் உற்சாகப்படுத்தினார். கூடை முடையக் கற்ற கல்லூரியிலிருந்தே இப்ராஹிம் யாக்கோப் போன்றவர்கள் வந்து, 1938இல் இளம் மலாயர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இது பாடநூலில் உள்ள செய்திதான். அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது எனக்கு வேறு யோசனை. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கங்காணியோ கிராணியோ ஆசிரியர். கூலியின் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்த கூலி ஆனால் போதும். ஒரே காலம், ஒரே ஆட்சி, ஒரே எண்ணம். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்த பாடநூலை நான் இதுவரை பார்த்ததில்லை. என் வகுப்பில் வைக்கிறேன்.

மூன்றாம் வருடத்தில் வாய்மொழி வரலாறு இடுபணியாக வந்தது. ஒரு முதியவரைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவை எழுத்தாக்கி, மற்ற ஆதாரங்களோடு ஒப்பிட்டுக் கட்டுரை தர வேண்டும். விடுமுறையில் மலைக்கு ஏறினேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு முழுப் பகல் போய்விடும். அதுவும் வெற்றிலை வாயோடு பேசும் பாட்டி என்றால் இன்னும் கூட. ஆனால் சிரமம் அதில் இல்லை. நான் தயாரித்துக் கொண்டுபோன முதல் கேள்வி, "நீங்க எந்த வருசம் இந்தத் தோட்டத்துக்கு வந்தீங்க?" தோட்டத்து மனிதர்கள் யாரும் வருடத்தை வைத்து வாழ்ந்ததில்லை. பாட்டி யோசித்துவிட்டு, "சின்னத்தொரை கல்யாணத்துக்கு முந்தி" என்றார்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. நீங்கள் வந்தபோது கீழே அணைக்கட்டு இருந்ததா? ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் முடிந்தது. அந்த வெள்ளைக்காரர் காணாமல்போய் காட்டுக்குள் தேடினார்களே, அப்போது உங்களுக்கு எத்தனை பிள்ளை? ஜிம் தாம்சன், தாய்லாந்துப் பட்டு வியாபாரி, தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று வெளியே போனவர் திரும்பவே இல்லை. ராணுவம், போலீஸ், ஒராங் அஸ்லிப் பூர்வகுடி வழிகாட்டிகள் என்று மலையே தேடியது. அந்தத் தலைமுறையில் அதை மறந்தவர் கிடையாது. வாழைக்காய் நோட்டு பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் ஜப்பான்காரன் காலம், 1941 டிசம்பருக்கும் 1945க்கும் இடையில். சயாம் ரயில் போட ஆள் பிடித்துப் போனது யாருக்காவது தெரியுமா? அது 1942, 43. வேலை பெர்மிட் கேட்டார்களே, அப்போது இங்கே இருந்தீர்களா? அது 1969. இப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஆணி. நான்கு ஆணி அடித்தால் ஒரு வாழ்க்கை காலவரிசையில் நிற்கும்.

பட்டம் வாங்கி, கல்விச்சேவை ஆணையத்தின் நேர்காணலும் முடிந்து, சில வருடம் வேறு ஊரில் வேலை பார்த்த பிறகு மலைக்கே மாற்றல் கிடைத்தது. வகுப்பில் காய்கறித்தோட்டத்துச் சீனப்பிள்ளைகள், தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளைகள், கம்போங் ராஜாவிலிருந்து வரும் மலாய்ப்பிள்ளைகள், லெமோய்ப் பக்கத்துச் சேமாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகள். இப்போது தோட்டத்துக் கொழுந்தைப் பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்களே எடுக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் வந்து கடையும் காய்கறிக்கொல்லையும் சுற்றுலா வேனும் பார்க்கின்றன. ஆனாலும் "எங்க தோட்டம்" என்ற பேச்சு மாறவில்லை.

அந்த நாளில் மூன்றாம் படிவத்துக்கு வரலாற்றில் ஃபோலியோ செய்ய வேண்டும். பளபளக்கும் அட்டை, ஓரத்தில் ரிப்பன், உள்ளே எங்கிருந்தோ நகலெடுத்த நாலு பக்கம். ஏ ஃபாமோசா கோட்டையை நேரில் பார்க்காத பிள்ளை ஏ ஃபாமோசாவைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருக்கும். நான் வேறு தலைப்புக் கொடுத்தேன்: உன் குடும்பம் இந்த மலைக்கு எப்போது வந்தது, உனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது பாதிக்குத்தான் அதிக மதிப்பெண்.

வந்த தாள்களில் இரண்டு என் பல பாடங்களுக்கு மூலப்பொருளாகிவிட்டன. ஒரு மாணவி தன் பூட்டனார் கேமரன் துரையோடு வந்து தேயிலை நட்டார் என்று பெருமையாக எழுதியிருந்தாள். இன்னொருவன் தன் கொள்ளுத்தாத்தா 1912இல் ரஜூலா கப்பலில் வந்து நேராக 'போ' தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார் என்று எழுதியிருந்தான். இரண்டையும் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, உண்மையா என்று கேட்டேன்.

வகுப்பே கணக்குப் போட்டது. வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு அறிக்கை கொடுத்தது 1885. அதன் பிறகு நாற்பது வருடம் இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலம் என்ற திட்டம் சூடுபிடித்தது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கியது 1929. கேமரனோடு வந்தவர் தேயிலை நட்டிருந்தால் நாற்பத்துநாலு வருடம் காத்திருந்து நட்டிருக்க வேண்டும். பையன்கள் சிரித்தார்கள். அந்த மாணவியின் முகம் சுருங்கியதைப் பார்த்து, "அப்ப பூட்டனார் பொய் சொன்னாரா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு சீனப்பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: மலைக்குக் கேமரன் என்று பெயர், அதனால் முதலில் பார்த்த துரைக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரையே வைத்திருப்பார்கள். பூட்டனார் முதல் ஆட்களில் ஒருவராக இருந்திருக்கலாம். துரையின் பெயர் மட்டும்தான் தவறு. எந்தப் பாடநூலும் எனக்குக் கொடுக்காத விடை அது.

ரஜூலா இன்னும் சுவாரசியம். அந்தக் கப்பல் கட்டப்பட்டது 1926இல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. மலேசியத் தமிழர் வீடுகளில் எந்தக் கப்பலில் வந்தவராக இருந்தாலும் பேரப்பிள்ளைகள் வாயில் அவர் ரஜூலாவில் வந்தவர் ஆகிவிடுகிறார். ஆக 1912 தவறா, ரஜூலா தவறா? பையன் வீட்டில் போய்க் கிளறினான். கொள்ளுத்தாத்தாவின் மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை, 1930களின் நடுப்பகுதி. போ 1929இல் தொடங்கியது. கங்காணி மூலம் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. கங்காணியோடு நேராக இந்த மலைக்கு வந்தவர் என்றால் 1929க்கும் பிள்ளை பிறந்த வருடத்துக்கும் இடையில்தான் வந்திருக்க வேண்டும். அப்போது ரஜூலா ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் பொருந்துகிறது, வருடம் பொருந்தவில்லை. ஒரு சேமாய்ப் பையன் குறுக்கே கேட்டான்: "அவர் முதலில் கீழே ரப்பர்த் தோட்டத்துக்கு 1912இல் வந்து, பிறகு மேலே ஏறியிருந்தால்?" அப்படியானால் வருடம் சரி, கப்பல் தவறு. இரண்டில் எது என்று இன்றுவரை தெரியாது. அந்த ஃபோலியோவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன். ரிப்பன் எதுவும் ஒட்டாத ஃபோலியோ.

சேமாய்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி. அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. நாங்கள் ஆவணத்தையும் கப்பலையும் தேடும்போது அவர்கள் மரத்தைத் தேடினார்கள். இந்தப் பள்ளத்தில் நிற்கும் டுரியான் மரத்தைத் தாத்தாவின் தாத்தா நட்டார், அதனால் அங்கே எங்கள் குடியிருப்பு இருந்தது. பழமரம் ஒராங் அஸ்லி நிலவழக்குகளிலும் பேசப்படும் ஆதாரம்தான். முறைப்பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஆதார வகைகளில், எழுத்து, பொருள், வாய்மொழி என்று போகும் பட்டியலில், இதை எதில் சேர்ப்பது என்று வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை சண்டை நடந்தது.

2013இலிருந்து ஐந்தாம் படிவ முடிவில் வாங்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் ஆனது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் நாட்டில் பெரிய விவாதம். பாடநூல் ஒருபக்கம் சாய்கிறது, மற்ற இனங்களின் பங்கு போதவில்லை என்று ரஞ்சித் சிங் மல்ஹி போன்ற வரலாற்றாசிரியர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் வகுப்பில் நின்று பார்த்தால் பிள்ளைகள் விழுகிற இடம் வேறு. கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் நேரம் போய்விடுகிறது. விளக்கு என்றால் எவ்வளவு எழுத வேண்டும், ஒப்பிடு என்றால் எத்தனை பக்கம் பார்க்க வேண்டும், நியாயப்படுத்து என்றால் என்ன? வீட்டில் சேமாய், தமிழ், ஹக்கா பேசும் பிள்ளைக்கு வரலாறு முதலில் மொழிப்பாடம்தான். இதற்கென்று ஆசிரியர் படிப்பில் ஒரு தனிப்பாடம் வைக்க வேண்டும் என்பது என் வாதம். வகுப்பறை மேலாண்மைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். கேள்வி புரிந்த வகுப்பு பாதி அடங்கிவிடும்.

இடுபணியில் கற்ற இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பேட்டிக்கு முன் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும் என்ற விதி. அப்போது அது இன்னொரு காகிதம் என்று நினைத்தோம். ஒரு வருடம் ஒரு பெண் தன் பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையை நகலெடுத்து ஃபோலியோவில் ஒட்டிக்கொண்டு வந்தாள். இந்த மண்ணில் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தும் குடியுரிமை கிடைக்காதவர்களின் அட்டை அது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் பார்த்தே இராத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறின. வரலாற்று ஆசிரியைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆனால் பாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நகலை எடுத்து உறையில் போட்டு அவளிடமே கொடுத்து, பாட்டியிடம் முதலில் கேள், சரி என்றால் எண்ணையும் படத்தையும் மறைத்து ஒட்டு, வேண்டாம் என்றால் அட்டை இருந்தது என்று மட்டும் எழுது என்றேன். பாட்டி வேண்டாம் என்றார். அவள் ஒரே வரி எழுதினாள். மதிப்பெண்ணில் ஒன்றும் குறையவில்லை.

இப்போது பயிற்றுப்பணிக்கு மலையேறி வருகிற பிள்ளைகளுக்கு நான் வழிகாட்டி ஆசிரியை. நல்ல பிள்ளைகள், கணினியில் அழகான படவில்லைகள் செய்வார்கள். காலனியப் பொருளாதாரப் பாடத்துக்குப் போன தவணையில் ஒரு பயிற்சி ஆசிரியை, தேயிலைத் தூள் பொட்டலத்தைக் காட்டி முகர வைப்பதைப் பீடிகையாக எழுதியிருந்தாள். முகரட்டும், நல்லதுதான், ஆனால் அதற்குப் பிறகு என்ன என்றேன். பாடநூல், பக்கம், குறிப்பு என்றாள். நான் ரஜூலா கதையைச் சொன்னேன். கண் விரிந்தது. "இதை பீடிகையில போடலாமா டீச்சர்?" என்றாள்.

பீடிகைக்கு ஐந்து நிமிடம் போதாது என்றேன். படி ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மூன்று வருடங்களைப் பலகையில் எழுது: 1926, 1929, 1938. அதன் கீழே ஒரு தாத்தா. மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மேற்பார்வை விரிவுரைஞர் வந்தால் காட்ட, பாடநூல் பக்கத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் வைத்துக்கொள். "ஆதாரத்தைத் தேடிப் பார்த்தல்" என்று திறன் பெயரையும் மறக்காமல் எழுது, அதற்கும் மதிப்பெண் இருக்கிறது.